ஒரு நாளைக்கு ஒரு செய்தி

சின்னவன் ஒன்பது நாளாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறான்.

உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. சமையல் மேடையோரம் தட்டை வைத்து, சுவரைப் பார்த்தபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லாரிக்குப் போய்விடுகிறான். முன்னறையில் அப்பா இருக்கிறார், அதுதான் காரணம். அப்பா இருக்கிற இடத்துக்கு அவன் போவதில்லை. அவன் இருக்கிற இடத்துக்கு அப்பா வருவதில்லை. மூன்றே அறை உள்ள வீட்டில் இரண்டு பேர் இப்படி ஒளிந்து விளையாடினால் மற்ற இரண்டு பேருக்கு எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நடந்தது சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. சோதனைக்குச் சதை எடுத்தார்கள். “ரிசல்ட் வந்ததும் மெசேஜ் வரும். அதுவரைக்கும் வீணா அலைய வேண்டாம்” என்று மருத்துவமனை ஜன்னலில் இருந்த பெண் சொல்லி அனுப்பினாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து அங்கே கொடுத்திருந்தது சின்னவனின் நம்பர். மெசேஜ் வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். எதையும் அப்படி நினைத்துக்கொள்வது அம்மாவின் சுபாவம்.

ஆறு வாரம் கழித்து வலி பொறுக்காமல் போனபோது, டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, “அப்பவே மெசேஜ் போயிருக்கே, ஏன் வரலை?” என்று கேட்டார். அப்போதே வந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்கும், இனி ஒரு பக்கத்தை முழுசாக எடுத்தாக வேண்டும், அதோடும் முடியாது என்றார்.

“எனக்கு வரலைப்பா, சத்தியமா வரல” என்று சின்னவன் முதல் நாள் கத்தினான். இரண்டாம் நாள், “வந்திருந்தா பாத்திருப்பேனே” என்றான். மூன்றாம் நாள், “தெரியலை. வண்டி ஓட்டுற அவசரத்துல அழிச்சுட்டேனோ என்னமோ” என்றான். அப்பா கையை ஓங்கினார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டவர், அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

உண்மையில் அடித்தது அவன் அக்கா, பெரியவள்தான். அதுவும் கையால் இல்லை. மருத்துவமனை வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்க, “அம்மாவோட மெசேஜைப் பாக்கக்கூட உனக்குக் கண்ணு இல்லையாடா?” என்று கேட்டாள். தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தத் தம்பி சாதாரணத் தம்பி இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் பெரியவள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவன். அன்றும் லிப்ட் ஓடவில்லை. இன்றும் ஓடவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊரார் லிப்டையெல்லாம் பழுது பார்த்த அப்பா, தன் வீட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறித்தான் வருகிறார்.

வியாழக்கிழமை காலை. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தைத்துக்கொண்டிருந்தது தனக்கே தனக்கு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. அறுவைக்குப் பிறகு கையைத் தூக்க முடியாது, தலைவழியாகப் போடுகிற உடுப்பு வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இரண்டு தைத்து முடித்தாகிவிட்டது. மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

“அவன் போறான்டி” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

“யாரு, எங்க?”

“தூர லாரிக்குக் கேட்டு வாங்கியிருக்கான். இன்னிக்கு ஆறு மணிக்குக் கிளம்புதாம். வர இருபது நாள் ஆகுமாம்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நாளைக்கு என்னை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவன் இருக்க மாட்டான்.”

“நீ போகாதேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘உன் மூஞ்சியைப் பாக்க முடியலைம்மா’ங்கிறான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கண்ணு மயங்குறப்ப அவன் கதவோரம் நின்னா போதும்.”

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பேப்பருக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

“உன் கம்பெனிதானே அந்த ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் அனுப்புறது? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எடுத்துட்டு வா. தொரை அதைப் பாத்துட்டே லாரி ஏறட்டும்.”

“வேண்டாங்க, விட்டுடுங்க” என்றாள் அம்மா.

“எடுத்துட்டு வர்றேன்ப்பா” என்றாள் பெரியவள்.

அவளுக்கும் அது வேண்டியிருந்தது. தம்பி மனசில் ‘ஒருவேளை வரவே இல்லையோ’ என்று ஒரு மூலை இன்னும் இருந்தால், அதை இன்றோடு மூடிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது; ஆனால் அதுதான் நிஜம்.

பெரியவளின் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. “போன்ல வர்ற மெசேஜ் எல்லாம் எம்பொண்ணு அனுப்புறதுதான்” என்று எதிர்வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் வங்கியிலிருந்து தொல்லை வந்தாலும் புகார் பெரியவளுக்குத்தான் வரும். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி அது. எந்த நோயாளிக்கு எந்தச் செய்தி, எந்த நேரத்தில், எதற்குப் பின் எது என்று வரிசை கட்டி வைப்பது அவள் பொறுப்பு. கட்டி வைத்துவிட்டால் போதும். அது தானே ஓடும்.

சொந்தக்காரர்களின் பதிவைத் திறக்கக் கூடாது என்று கம்பெனியில் விதி உண்டு. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் பதிவைத் திறந்தாள்.

சோதனை முடிவுச் செய்திக்கு நேரே, அனுப்பியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பச்சை இருக்கும் என்று பார்த்தாள். சாம்பல் நிறம் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

‘நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம்: இந்த எண்ணுக்கு இன்றைய செய்தி சென்றுவிட்டது.’

பெரியவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். புரியாமல் இல்லை. அந்த வரியை எழுதியதே அவள்தான்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பெரியவர் புகார் எழுதியிருந்தார். ஒரே நாளில் பதினோரு செய்தியாம். நாளைக்கு வாருங்கள், வரும்போது இதைக் கொண்டு வாருங்கள், வழி இது, வண்டி நிறுத்தும் இடம் அது. ‘வியாதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உங்களைப் பொறுக்க முடியவில்லை’ என்று முடித்திருந்தார். ஆபீஸே சிரித்தது. பெரியவள் சிரித்துவிட்டு ஒரு விதி எழுதினாள். ஒரு எண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு செய்தி. மிச்சம் இருந்தால் மறுநாள். இரண்டு நாளாகியும் போக வழியில்லை என்றால் அது காலாவதி. அவசரம் என்று குறித்தவற்றுக்கு மட்டும் விலக்கு. புகார்கள் பாதியாகக் குறைந்தன. கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தம்பிதான், “எழுந்து நின்னியே, சம்பளமும் எழுந்துச்சா?” என்று கேட்டான்.

சோதனை முடிவை அவள் அவசரத்தில் சேர்க்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். யாருக்கு என்ன வியாதி என்று அதில் தெரியக் கூடாது. ஆகவே, ‘உங்கள் பரிசோதனை தொடர்பாக மருத்துவரைச் சந்திக்கவும்’ என்று மட்டும் எழுதினாள். எழுதிப் பார்த்தபோது அது ஒன்றும் இல்லாத வரியாகத்தான் இருந்தது. ஒன்றும் இல்லாத வரிகளோடு சேர்த்து, பொது அறிவிப்பில் போட்டுவிட்டாள்.

சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. கற்பனையாக நாற்பது நோயாளிகளை உண்டாக்கி, ஆளுக்கொரு போன் நம்பர் கொடுத்து, வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாள். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடப் பிள்ளையின் போனை நம்பி இருக்கவில்லை. தன் வீட்டிலேயே மூன்று பேருக்கு ஒரு நம்பர் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

முன்பெல்லாம் அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் நோட்டைப் பார்த்துப் பார்த்து போன் செய்வாளாம். “அம்மா இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க” என்று கேட்டு வாங்கிப் பேசுவாளாம். மென்பொருள் வந்ததும் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் செய்தியை முந்திக்கொண்டு அன்று போனது எது? பெரியவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் தட்டிப் பார்த்தாள்.

‘உங்கள் கண்ணாடி தயார். வந்து பெற்றுக்கொள்ளவும்.’ அப்பாவின் பெயருக்கு. காலை எட்டரை மணி.

மறுநாள் அம்மாவின் செய்தி மறுபடி வரிசைக்கு வந்திருந்தது. அன்றும் அதை முந்திக்கொண்டு ஒன்று போயிருந்தது. ‘கண் பிரிவில் எங்கள் சேவை எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடவும்.’ அதற்குச் சின்னவனின் போனிலிருந்து பதில்கூட வந்திருந்தது. ஐந்து.

மூன்றாம் நாள் சாம்பல் கட்டத்தில் ‘காலாவதி’ என்று விழுந்திருந்தது. டாக்டரின் திரையில் மட்டும் பச்சை டிக். செய்தி மென்பொருளின் வரிசையில் வந்து சேர்ந்தாலே அந்த டிக் விழுந்துவிடும். நோயாளியின் கையில் சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை.

அந்தக் கண்ணாடி வந்த நாள் பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மெசேஜைப் பார்த்த அன்றைக்கே, வண்டியை விட்டு இறங்கிய கையோடு போய் வாங்கி வந்தான் சின்னவன். அப்பாவின் காதில் மாட்டிவிட்டு, “இனிமே பேப்பரை ரெண்டு தெரு தள்ளி வச்சுப் படிக்க வேண்டாம்” என்றான். அப்பாகூடச் சிரித்தார். கண் இல்லையா என்று கேட்டாளே, அந்தக் கண்ணால்தான் அவன் வந்த செய்தியை வந்த நிமிஷமே பார்த்திருக்கிறான்.

பெரியவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சந்தேகம் வந்தது. அம்மா மட்டும்தானா?

தேடச் சொன்னாள். திரை சற்று யோசித்துவிட்டு ஒரு பட்டியலைக் கொடுத்தது. இந்த ஐந்து மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, காலாவதியாகி, யாருக்கும் போய்ச் சேராத சோதனை முடிவுகள் அறுபத்து மூன்று.

மேலாளர் நல்ல மனிதர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பட்டியலைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார்.

“இதுல எத்தனை பேருக்கு சீரியஸ்?”

“தெரியாது சார். நம்மகிட்ட முடிவு வராது, செய்தி மட்டும்தான் வரும். அதுல ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன்.”

“சரி. இனிமே போறது ஒழுங்கா போகணும். ரிசல்ட்டை அவசரத்துல மாத்திடு. பழசைத் தொடாதே. திங்கட்கிழமை வக்கீல் வர்றார், அவர் பாத்துச் சொல்லட்டும்.”

“இன்னிக்கு வியாழன் சார்.”

“தெரியும்மா.”

“இன்னிக்கே அனுப்பிடலாம் சார். ஒரு பட்டன்தான்.”

“அனுப்பினா தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. அஞ்சு மாசம் போனதுல நாலு நாள் என்ன பெரிசா...” என்று ஆரம்பித்தவர், தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல் நிறுத்திக்கொண்டார்.

“அதுல பதினேழாவது எங்க அம்மா சார்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ நீ இதுல கையே வைக்கக் கூடாது. உன் பாஸ்வேர்டை இன்னிக்கு ஆறு மணியோட நிறுத்தி வைக்கச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதே, உன் நல்லதுக்குத்தான். அம்மாவுக்கு நாளைக்குத்தானே அட்மிஷன்? நம்ம கம்பெனிக் காப்பீடுதானே? போய் அதைப் பாரு. வீட்ல யார்கிட்டயும் இதைப் பேசிக்க வேண்டாம்.”

அக்கறையா, மிரட்டலா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் வந்தது.

ரிசல்ட்டை அவசரத்தில் மாற்றினாள். இனி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகப் போகும். மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிஷம். லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பியபோது மணி நாலரை.

பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். ‘மென்பொருள்ல ஒரு கோளாறு’ என்று ஆரம்பித்தால் பாதிப் பொய். ‘கம்பெனில ஒரு தப்பு நடந்துபோச்சு’ என்றால் அதைவிடக் கொஞ்சம் பெரிய பொய். நடந்துபோகவில்லை, நடத்தியது அவள். எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. தம்பி ஏற்கெனவே தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டான், அப்பா நம்பிவிட்டார், அறுவை காப்பீட்டில் நடந்துவிடும். நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சின்னவன் எதிரே இறங்கி வந்தான். தோளில் பை, கையில் போன்.

“கிளம்பிட்டியா?”

“ம்.”

“ஒரு நிமிஷம் நில்லு.”

“அக்காவுக்காக லாரி நிக்காது.”

“உக்காருடா.”

அவன் உட்காரவில்லை. நின்றே பழகிவிட்டான். பெரியவள் படியில் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்தது எல்லாம் எங்கோ போய்விட்டது.

“உனக்கு மெசேஜ் வரலைடா.”

“என்ன?”

“அம்மாவோட மெசேஜ் உன் போனுக்கு வரவே இல்லை. முதல் நாள் நீ சொன்னதுதான் நிஜம். இன்னிக்குப் பாத்தேன். அப்பா கண்ணாடிக்கு ஒண்ணு வந்துச்சில்ல, அன்னிக்குத்தான் அம்மாவோடதும் கிளம்பியிருக்கு. ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு ஒரு ரூல் இருக்கு. கண்ணாடி முந்திக்கிச்சு, அம்மாவோடதை நிறுத்திடுச்சு. மறுநாள் மார்க் போடச் சொல்லி ஒண்ணு வந்துச்சு...”

“அஞ்சு போட்டேன்.”

“ஆமா. அதனால மறுபடியும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அது வரவே இல்லை.”

சின்னவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “எந்த அறிவுகெட்டவன் போட்ட ரூல் அது?”

“நான்தான்.”

கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். சின்னவன் மெதுவாக, அவளுக்கு இரண்டு படி தள்ளி, உட்கார்ந்தான். ஒன்பது நாளில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்தது அப்போதுதான்.

“அப்போ நான் அழிக்கலையா?”

“அழிக்கல.”

“எனக்கு அழிச்ச ஞாபகம் இருக்குக்கா. டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்திட்டு, பாக்காமலே கட்டைவிரலால தள்ளி விட்டுட்டேன். கண்ணை மூடினா அதுதான் வருது. எந்தக் கடைன்னுகூடத் தெரியும்.”

“அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைடா.”

“நிஜமா அழிக்கலையா?”

“சத்தியமா.”

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பெரியவள் கையை நீட்டினாள். தொட உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. “ஆஸ்பத்திரில அத்தனை பேர் முன்னாடி கேட்டியே, கண்ணு இல்லையான்னு.”

“கேட்டேன்.”

“நீதானேக்கா கேட்டே?”

“என்னை மன்னிச்சுடுடா.”

“இப்ப அதைக் கேக்காதே. இப்ப எனக்கு வராது.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அம்மா ஒருத்திதானா?”

“அறுபத்து மூணு பேர்.”

சின்னவன் தலையைத் தூக்கி மேல் மாடியைப் பார்த்தான். பிறகு, “அந்த வீட்ல எல்லாம் யார் யார் நின்னுக்கிட்டுச் சாப்பிடுறாங்களோ” என்றான்.

பெரியவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து எங்கே இருந்ததோ, ஒன்றாகக் கிளம்பி வந்தது.

“அவங்களுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டான்.

“திங்கட்கிழமை வக்கீல் பாத்துட்டு...”

“அதுவரைக்கும் கட்டிக்கு லீவா?”

மணி ஐந்து நாற்பது. பெரியவள் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். இணையம் இல்லை. கேட்காமலே சின்னவன் தன் போனைத் தட்டி இணைப்பு கொடுத்தான். பட்டியல் வந்தது. அறுபத்து மூன்றையும் தேர்ந்தெடுத்தாள். ‘63 செய்திகள். இப்போதே அனுப்பவா?’ என்று திரை கேட்டது.

“இதை அழுத்தினா எனக்கு வேலை இருக்காதுடா. அம்மாவுக்கு நாளைக்கு...”

அழுத்து என்றும் அவன் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தம்பி வந்து தூக்கிக்கொள்வதற்கு இது பெட்டி இல்லை.

பெரியவள் அழுத்தினாள்.

சாம்பல் கட்டங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. எங்கெங்கோ அறுபத்து மூன்று வீடுகளில் போன்கள் அதிரத் தொடங்கியிருக்கும். பதினேழாவது கட்டம் மாறியபோது, சின்னவனின் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

அவன் அதைப் பார்த்தான். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி படித்தான். “வந்துடுச்சுக்கா” என்றான்.

பையைப் படியிலேயே விட்டுவிட்டு மேலே ஏறினான். பெரியவள் லேப்டாப்பை மூடத் தோன்றாமல், திறந்தபடியே ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அவன் சமையலறைக்குப் போகவில்லை. நேரே முன்னறைக்குப் போய் அப்பாவின் எதிரில் நின்று போனை நீட்டினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை, நீட்டிய கையைத்தான் பார்த்தார். பிறகு மேஜையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனை வாங்கிப் படித்தார். மேலே இருந்த தேதியையும் நேரத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இது இப்ப வந்தது மாதிரி இருக்கே?”

“இப்பதான்ப்பா வந்துச்சு” என்றான் சின்னவன். “முதல் நாளே நான் அதைத்தான் சொன்னேன்.”

அப்பா போனைத் தாழ்த்தினார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கண் மகனை விட்டு நகர்ந்து, வாசலில் மூச்சிரைக்க நின்ற மகளிடம் வந்து நின்றது.

பெரியவளின் கைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்க்காமலே மேலாளர் என்று தெரிந்தது. லேப்டாப் திரையில் பதில்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ‘யாருங்க இது? எங்க அப்பாவுக்கு என்ன?’ என்று முதலாவது கேட்டது.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. மூன்றாவது சட்டையைக் கையில் பிடித்தபடி அம்மா எழுந்து வந்தாள். பொத்தான் மட்டும் பாக்கி. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தூரத்துக்குப் போகிறேன் என்றவன் திரும்பி வந்திருக்கிறான். பேசமாட்டேன் என்றவர் அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவின் முகம் லேசாக மலர்ந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள் போல.

“என்னடா மெசேஜ்? யாருக்கு?” என்று கேட்டாள்.

சின்னவன் அக்காவைப் பார்த்தான். இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவள் அதை எடுக்கவில்லை.

“உனக்குத்தாம்மா” என்றாள்.